வீடு திரும்பிய இருவர்: செபத்தில் உண்மையும் தாழ்ச்சியும்



திருந்தாதி மணி அடித்ததும் விளக்கேற்றி, திரு இருதயப் படத்தின் முன் குடும்பமாக முழந்தாளிடும் பழக்கம் எங்கள் மக்களிடையே தலைமுறை தலைமுறையாக இருந்து வருகின்றது. பிள்ளைகள் படிப்பு, தொழில் என்று நாலா பக்கமும் சிதறிப்போன இக்காலத்திலும் பல வீடுகளில் அது நின்றுபோகவில்லை. இது பெரியதொரு பாக்கியம். ஆயினும் இப்பழக்கத்தைப் பற்றி நாம் அடிக்கடி கேட்டுக்கொள்ளாத கேள்வி ஒன்று உண்டு. செபம் முடிந்து எழும்புகின்றவர், முழந்தாளிட்டபோது இருந்த அதே ஆள்தானா? அல்லது ஏதேனும் மாற்றத்தோடு எழும்புகின்றாரா?

இந்தக் கேள்விக்கு ஆண்டவர் யேசு ஓர் உவமையால் பதில் சொல்லியிருக்கின்றார். பரிசேயனும் ஆயக்காரனும் செபிக்கப் போன கதை அது (லூக். 18:9-14). மறைக்கல்வி வகுப்பில் சிறு பிள்ளைகளும் அதை ஒப்புவிப்பார்கள். நன்றாகத் தெரிந்த கதை என்பதாலேயே நாம் அதைச் சரியாகக் கேட்பதில்லை. இவ்வாரம் அதை ஆறுதலாகப் படித்துப் பார்ப்போம்.

யாருக்குச் சொன்ன உவமை?

இந்த உவமை யாருக்குச் சொல்லப்பட்டது என்பதை லூக்கா முதல் வசனத்திலேயே குறித்துவிடுகின்றார். தாங்கள் நீதிமான்கள் என்று தங்கள்மேலேயே நம்பிக்கை வைத்து, மற்றவர்களை அற்பமாக எண்ணியவர்களுக்கே ஆண்டவர் இதைச் சொன்னார். செபமே செய்யாதவர்களுக்கோ, கோவில் வாசலை மிதியாதவர்களுக்கோ அல்ல. நாள் தவறாமல் செபிக்கின்றவர்களுக்கு, அதாவது இப்பத்திரிகையை வாசிக்கும் உங்களுக்கும் எழுதும் எனக்கும் உரிய பாடம் இது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உவமை ஆலயத்தில் தொடங்குகின்றது. ஆனால் ஆலயத்தில் முடியவில்லை. இருவரில் யார் இறைவனுக்கு ஏற்புடையவனாகத் தன் வீட்டுக்குத் திரும்பிப் போனான் என்ற தீர்ப்போடு முடிகின்றது. செபத்தின் பலன் தெரியவருவது வீட்டில்தான் என்பது இதனால் விளங்கும்.

பரிசேயன் பொய் சொன்னானா?

பரிசேயன் என்றவுடன் வெளிவேடக்காரன், பொய்யன் என்ற எண்ணம் எங்கள் மனத்தில் எழுகின்றது. ஆனால் இந்தப் பரிசேயன் பொய் சொன்னதாக ஆண்டவர் சொல்லவில்லை. அவன் வாரத்தில் இரண்டு நாள் உபவாசம் இருந்தான். மோயீசனின் சட்டமோ பாவப் பரிகார நாள் என்ற ஒரே நாளுக்கே எல்லோருக்கும் உபவாசத்தை விதித்திருந்தது. நிலத்தின் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கும்படி சட்டம் சொல்லியது. அவனோ தனக்குக் கிடைத்த எல்லாவற்றிலும் பத்தில் ஒரு பங்கு கொடுத்தான். கேட்டதற்கு மேலாகவே செய்தவன் அவன். இன்றைக்கு எங்கள் பங்கில் அப்படி ஒருவர் இருந்தால் அவரை மூப்பராகவோ கோவில் சபைத் தலைவராகவோ தெரிவு செய்வோம். அவருடைய செபத்தின் முதற் சொல்லும் நன்றிதான்.

அப்படியானால் பிழை எங்கே? அவனுடைய செபத்தை மீண்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை அவன் கடவுளிடம் ஒன்றையும் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை, பலம் கேட்கவில்லை, பிறருக்காக மன்றாடவும் இல்லை. அவனுக்குக் கடவுளிடம் ஆக வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை. கணக்கு எழுதி முடித்தவன் கணக்குப் புத்தகத்தை வாசித்துக் காட்டுவதுபோல் வாசித்துக் காட்டினான், அவ்வளவுதான். கை நிறையச் சாமான் வைத்திருப்பவனுக்கு வேறொன்றைக் கொடுக்க முடியாது. ஆலயத்துக்கு எதைக் கொண்டுவந்தானோ அதையே அவன் வீட்டுக்குக் கொண்டுபோனான்.

இரண்டாவது பிழை இதனிலும் மோசமானது. செபத்தின் நடுவே அவன் பக்கத்தைப் பார்த்தான். கொள்ளைக்காரர், அநியாயக்காரர், விபசாரர் என்று ஒரு பட்டியல் போட்டுவிட்டு, தூரத்தில் நின்ற ஆயக்காரனையும் அதில் சேர்த்துக்கொண்டான். கடவுளை நோக்கி நிற்க வேண்டியவன் அயலானைப் பார்த்துத் தன் உயரத்தை அளந்தான். கடவுளின் பரிசுத்தத்துக்கு முன் தன்னை அளந்திருந்தால் அவனும் தலை குனிந்திருப்பான். தன்னிலும் குறைந்தவன் என்று தான் எண்ணிய ஒருவனைத் தேடிப் பிடித்து அளந்ததால் உயர்ந்தவனாகத் தெரிந்தான். அவன் சொன்ன விபரங்கள் உண்மை. அவற்றைச் சொல்லி அவன் எடுத்த முடிவு பொய்.

தூரத்தில் நின்றவன்

ஆயக்காரனை நல்லவன் என்று நாம் அவசரப்பட்டு எண்ணிவிடக் கூடாது. அக்காலத்தில் சுங்கமும் தீர்வையும் அறவிடும் உரிமையை ஆட்சியாளரிடமிருந்து பணம் கட்டிப் பெற்றவர்கள், கட்டியதற்கு மேலாக மக்களிடம் கறந்து தங்கள் மடியை நிரப்பினார்கள். விதித்ததற்கு மேல் வாங்க வேண்டாம் என்று ஸ்நாபக அருளப்பர் அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது (லூக். 3:13). அந்நியருக்குக் கையாளாகித் தன் சொந்தச் சனத்தையே சுரண்டியவன் என்று ஊர் அவனை வெறுத்தது. அந்த வெறுப்புக்குக் காரணம் இருந்தது. ஆண்டவர் அவனுடைய பாவத்தைச் சிறிதாக்கிச் சொல்லவில்லை.

அவனும் அதைச் சிறிதாக்கவில்லை. எல்லோரும் செய்வதைத்தானே நானும் செய்தேன் என்று சாட்டுச் சொல்லவில்லை. பிள்ளைகளை வளர்ப்பதற்காகச் செய்தேன் என்றும் சொல்லவில்லை. அந்தப் பரிசேயன் மட்டும் யோக்கியனா என்று திருப்பிக் கேட்கவும் இல்லை. வானத்தை நோக்கிக் கண்களை உயர்த்தவும் துணியாமல், மார்பில் அறைந்துகொண்டு, தான் பாவி என்றும் கடவுள் தன்மேல் இரங்க வேண்டும் என்றும் மட்டுமே சொன்னான். கிரேக்க மூல நூலில் அது ஆறே சொற்கள். அதில் பாவி என்ற சொல்லுக்கு முன் ஒரு சுட்டுச் சொல் இருக்கின்றது. பல பாவிகளில் ஒருவன் என்று அவன் தன்னைக் கூட்டத்தில் ஒளித்துக்கொள்ளவில்லை, பாவி என்றால் அது நான்தான் என்ற கருத்து அதில் தொனிக்கின்றது. இரக்கம் வேண்டி அவன் சொன்ன சொல்லும் ஆலயத்தில் செலுத்தப்பட்ட பாவப் பரிகாரத்தோடு தொடர்புள்ள சொல். தன் கடனைத் தன்னால் தீர்க்க முடியாது என்பதை அறிந்து, தீர்க்க வல்லவரிடம் அவன் வந்தான். வெறுங்கையோடு வந்ததால் அவன் கையில் எதையேனும் வைக்கக் கடவுளால் முடிந்தது.

மனிதன் கடவுளின் முன் ஒரு யாசகன் என்று புனித அகுஸ்தீனார் போதித்தார். 1992 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூல் செபத்தைப் பற்றிய பகுதியின் தொடக்கத்திலேயே இந்த ஆயக்காரனைக் காட்டி, தாழ்ச்சியே செபத்தின் அத்திவாரம் என்று கற்பிக்கின்றது.

தாழ்ச்சி என்றால் என்ன?

தாழ்ச்சி என்பது தன்னைத்தானே திட்டிக்கொள்வது என்று சிலர் எண்ணுகின்றார்கள். நான் ஒன்றுக்கும் உதவாதவன் என்று ஒருவர் சொல்லும்போது, இல்லை இல்லை, உங்களைப்போல் யார் உண்டு என்று மற்றவர் சொல்வதற்காகக் காத்திருப்பதும் உண்டு. அது பெருமை, தாழ்ச்சியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகின்றது. 1970 ஆம் ஆண்டில் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்ட அவிலா புனித தெரேசம்மாள் இதற்குத் தெளிவான விளக்கம் தந்திருக்கின்றார். தாழ்ச்சி என்பது உண்மையில் நடப்பதே என்பது அவருடைய போதனை. உள்ள நன்மையை இல்லை என்று சொல்வது தாழ்ச்சியாகாது. அந்த நன்மை எங்கிருந்து வந்தது என்பதை மறக்காமலிருப்பதும், இல்லாததை உண்டு என்று காட்டாமலிருப்பதுமே தாழ்ச்சி.

ஆகவே உண்மையும் தாழ்ச்சியும் இரண்டு புண்ணியங்களாகத் தோன்றினாலும், செபத்தில் அவை ஒன்றையொன்று விட்டுப் பிரிவதில்லை. தாழ்ச்சியில்லாத உண்மை பரிசேயனின் கணக்குப் புத்தகமாகிவிடும். உண்மையில்லாத தாழ்ச்சி நடிப்பாகிவிடும்.

துயரப்படுகின்றவர் என்ன செபிப்பது?

இங்கே ஒரு கூட்டத்தாரை நினைத்து எழுத வேண்டியிருக்கின்றது. போர் 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிந்தது. ஆயினும் போன பிள்ளைக்கு என்ன நடந்தது என்று அறியாமல், படத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கும் தாய்மார் எங்கள் பங்குகளில் இருக்கின்றார்கள். நோயிலும் கடனிலும் நொந்துபோன குடும்பங்களும் உண்டு. எல்லோரும் நன்றிப் பாட்டுப் பாடும்போது என்னால் வாய் திறக்க முடியவில்லை. கடவுள்மேல் கோபம் வருகின்றது. இப்படி நினைப்பது பாவமா என்று அவர்களிற் பலர் உள்ளுக்குள் வேதனைப்படுகின்றார்கள்.

அவர்களுக்குத் திருமறை நூல் சொல்லும் பதிலைக் கேளுங்கள். சங்கீதங்களில் பல புலம்பல்களே. அவற்றுள் 88 ஆம் சங்கீதம் ஆறுதலான முடிவு எதுவும் இல்லாமல் இருளிலேயே முடிகின்றது. யோபு தான் பிறந்த நாளைச் சபித்தான். எரேமியாவும் அப்படியே செய்தார். இவற்றைத் திருச்சபை வெட்டி எறியவில்லை. இறைவாக்காகவே காத்து வருகின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, சிலுவையில் தொங்கிய எங்கள் ஆண்டவரே, கைவிடப்பட்டவனின் கதறலாகிய 22 ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தைத் தம்முடைய செபமாக்கினார். ஆதலால் இல்லாத மகிழ்ச்சியை இருப்பதாகக் கடவுளுக்குக் காட்டத் தேவையில்லை. கோபத்தோடு அவரிடம் பேசுகின்றவர் அவரை விட்டு ஓடிப்போகவில்லை. அவர் முகத்துக்கு முன்னேதான் நிற்கின்றார்.

பிள்ளையில்லாத அன்னா சீலோவிலிருந்த ஆலயத்தில் செபித்ததை நினைத்துப் பாருங்கள் (1 சாமு. 1). உதடுகள் மட்டும் அசைந்தன, சத்தம் வெளியே வரவில்லை. குருவாகிய ஏலி அவளைக் குடித்திருப்பவள் என்று எண்ணிக் கண்டித்தார். செபத்துக்குப் பொறுப்பானவரே செபத்தை அடையாளம் காணவில்லை! ஏலி தடுமாறிய இந்த இடத்தைக் குருக்களாகிய நாங்களும் கவனத்தோடு வாசிக்க வேண்டும். அவளோ கோபித்துக்கொண்டு போகாமல், கர்த்தரின் முன் தன் உள்ளத்தையே ஊற்றிக்கொண்டிருந்ததாகப் பணிவோடு விடை சொன்னாள். பிறகு போய்ச் சாப்பிட்டாள். அவள் முகம் முன்போல் வாடியிருக்கவில்லை என்று எழுதியிருக்கின்றது. அப்போது சாமுவேல் பிறக்கவில்லை. கேட்டது இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் ஆலயத்துக்கு வந்த அன்னாவும் வீடு திரும்பிய அன்னாவும் ஒருத்தியல்ல.

பராக்கும் நித்திரையும்

செபமாலை சொல்லும்போது மனம் அடுப்படிக்கும் வயலுக்கும் ஓடுகின்றதே, அப்படியானால் என் செபம் பொய்யா என்று கேட்பவர்களும் உண்டு. குழந்தை யேசுவின் புனித தெரேசம்மாள் (1873-1897) இதில் எங்களுக்குத் துணையாக வருகின்றார். தனியே செபமாலை சொல்வது தனக்கு மிகக் கடினம் என்று அவர் ஒளிக்காமல் எழுதி வைத்தார். எவ்வளவு முயன்றாலும் மனம் நிலைகொள்ளவில்லை என்று நெடுநாள் வருந்தினார். பின்னர், விண்ணகத் தாய் தன் நல்ல மனத்தைப் பார்க்கின்றாள், அதுவே அவளுக்குப் போதும் என்று அமைதியடைந்தார். தியான நேரத்தில் தூங்கிவிடுவதையும் ஒத்துக்கொண்டு, தூங்கும் பிள்ளையும் பெற்றோருக்கு அருமையானதே என்று சொன்னார். இப்படி எழுதியவரை 1997 ஆம் ஆண்டில் திருச்சபை மறைவல்லுநராக உயர்த்தியது.

தானாக வரும் பராக்கு பலவீனம். அதைக் கடவுளிடம் ஒத்துக்கொண்டு திரும்பவும் மணியைப் பிடித்தால் அதுவே தாழ்ச்சியான செபம். ஆகவே செபமாலையைக் கைவிட வேண்டாம். மனப்பாடமான செபங்கள் எங்கள் நாவிலே பெரியவர்கள் வைத்துவிட்டுப் போன சொத்து. சொந்தச் சொற்கள் வராத துயர நேரத்தில் அவையே எங்களைத் தாங்கும்.

கதவைச் சாத்தி

மலைப் பொழிவில் ஆண்டவர் வெளிவேடக்காரரின் செபத்தைக் கண்டிக்கின்றார் (மத். 6:5-8). அந்தச் சொல் கிரேக்க மொழியில் நாடகமேடையில் வேடமிடுகின்றவனைக் குறிக்கும். நடிப்பவனுக்குப் பார்ப்பவர்கள் வேண்டும். அதனாலேயே உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தும்படி ஆண்டவர் கற்பிக்கின்றார். உள்ளறைக்கு அங்கே வழங்கும் சொல் வீட்டின் சேமிப்பறையையும் குறிக்கும். அரிசி மூட்டைக்கும் சாமான்களுக்கும் நடுவே, எவரும் காணாத இடத்தில், தந்தை காண்கின்றார்.

எங்கள் முன்னோர் இதைக் கண்ணால் கண்டவர்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்க வேதத்தைத் தடை செய்திருந்த காலத்தில், 1687 ஆம் ஆண்டில் புனித யோசே வாஸ் அடிகளார் கோவாவிலிருந்து வந்து யாழ்ப்பாணத்தை அடைந்தார். பிச்சைக்காரனின் கோலத்தில், கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாக நடந்து, அதைக் கண்டு முகம் மாறியவர்களிடமிருந்து மறைந்திருந்த விசுவாசிகளை அடையாளம் கண்டார். சில்லாலையில் தங்கி இரகசியமாக மந்தையை மேய்த்தார். அந்நாட்களில் செபித்தவருக்குப் புகழ் கிடைக்கவில்லை, தண்டனையே காத்திருந்தது. ஆகவே பிறர் பார்க்கச் செபிக்கும் சோதனை அவர்களுக்கு இருந்திருக்காது. எங்களுக்கோ தடையில்லை. யாத்திரைக்குப் போனாலும் முழந்தாளில் நின்றாலும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து உலகம் முழுவதற்கும் அனுப்ப வசதியும் இருக்கின்றது. படம் எடுப்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. எவரும் பார்க்காவிட்டாலும் இந்தச் செபத்தைச் செய்வேனா என்று கேட்டுக்கொண்டால் போதும்.

வேலிக்கு அப்பால்

இனி, பலருக்கு நோகும் இடத்துக்கு வருகின்றேன். ஒரே வளவில் பிறந்து வளர்ந்த சகோதரர் காணி உறுதிக்காகவும், சீதனத்துக்காகவும், ஒரு முழ வேலிக்காகவும் வருடக்கணக்காகக் கதைக்காமல் இருப்பதை எங்கள் ஊர்களில் காண்கின்றோம். ஒருவர் வெளிநாட்டில், ஒருவர் ஊரில் என்றாலும் பகை கடல் கடந்து நிற்கின்றது. இரண்டு வீட்டிலும் மாலைச் செபம் நடக்கின்றது. இரண்டு வீட்டாரும், தாங்கள் மன்னிப்பதுபோல் தங்களையும் மன்னிக்கும்படி பரலோக பிதாவைக் கேட்கின்றார்கள். செபத்தின் பொய் இங்கேதான் குடிகொள்கின்றது. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு சமாதானம் செய்யப் போகும்படி ஆண்டவர் சொன்னது இதற்காகவே (மத். 5:23-24).

எல்லாச் சண்டையிலும் இரு பக்கமும் ஒரே அளவு குற்றவாளிகள் என்று சொல்ல வரவில்லை. உண்மையிலேயே அநியாயம் செய்யப்பட்டவர்கள் உண்டு. சட்டப்படி நியாயம் கேட்பது பாவமல்ல. மற்றவர் இணங்காதவிடத்து உறவை ஒருவராகவே சீர்ப்படுத்தவும் முடியாது. ஆனால் அவரைக் கடவுளிடம் முறைப்பாடு சொல்லும் பட்டியலில் மட்டும் வைத்திருந்தால், நாம் பரிசேயன் நின்ற இடத்திலேயே நிற்கின்றோம். மன்னிக்க மனம் வரவில்லையென்றால் அதையாவது ஒளிக்காமல் சொல்லுங்கள். ஆண்டவரே, எனக்கு இன்னும் மனம் வரவில்லை, மனத்தைத் தாரும் என்று கேட்பது உண்மையான செபம்.

திருப்பலியின் அமைப்பே இதை எங்களுக்குப் பழக்குகின்றது. தொடக்கத்தில் பாவத்தை ஏற்றுக்கொண்டு ஆயக்காரனைப்போல் மார்பில் தட்டுகின்றோம். நற்கருணை வாங்குமுன் நூற்றுவர் தலைவனின் தாழ்ச்சியான வார்த்தைகளை ஏற்றுச் சொல்கின்றோம். குருவும் சனங்களும் ஒன்றாகவே சொல்கின்றோம், எவருக்கும் விதிவிலக்கில்லை.

இவ்வளவும் வாசித்த பிறகு, இது இன்ன ஆளுக்கு நல்ல பாடம் என்று யாருடைய முகமாவது நினைவுக்கு வந்திருக்கலாம். அந்தப் பரிசேயனைப்போல் நான் இல்லை என்ற ஆறுதலும் வந்திருக்கலாம். அதுவே பரிசேயனின் செபம் என்பதை மறவாதிருப்போம்.

வீட்டில் என்ன நடந்தது?

ஆயக்காரன் வீட்டுக்குப் போய் என்ன செய்தான் என்று உவமை சொல்லவில்லை. ஆனால் அடுத்த அதிகாரத்திலேயே லூக்கா, சக்கேயு என்ற ஆயக்காரர் தலைவனின் வீட்டுக்கு எங்களை அழைத்துப் போகின்றார் (லூக். 19:1-10). அவன் தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கவும், ஏமாற்றி எடுத்ததை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்கவும் முன்வந்தான். அன்று அந்த வீட்டுக்கு மீட்பு வந்ததாக ஆண்டவர் அறிவித்தார். மார்பில் அறைந்த கை, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க நீளும்போது செபம் முழுமை பெறுகின்றது.

குடும்பமாகச் சிந்திக்கவும் செய்யவும் சில குறிப்புகளைத் தருகின்றேன்:

1. இவ்வார மாலைச் செபத்துக்கு முன் ஒரு நிமிடம் மௌனமாக இருங்கள். இன்று நான் உண்மையில் எந்த நிலையில் கடவுளின் முன் நிற்கின்றேன்? நன்றியோடா, கோபத்தோடா, களைப்போடா? அதை அப்படியே அவருக்குச் சொல்லுங்கள்.

2. செபிக்கும்போது யாரோடு என்னை ஒப்பிட்டு நிம்மதி அடைகின்றேன்? அவருடைய பெயரைச் சொல்லி, அவருக்கு நன்மை வேண்டி ஓர் அருள் நிறை மந்திரம் சொல்லுங்கள்.

3. எங்கள் வீட்டார் கதைக்காமல் இருப்பவர் யார்? முதலடி வைக்க எங்களால் முடிந்தது என்ன? பெற்றோர் இதைப் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சேர்ந்து பேசுவது நல்லது.

4. யாருக்காவது திருப்பிக் கொடுக்க வேண்டியது எங்களிடம் இருக்கின்றதா? பணமாகவோ, காணியாகவோ, கெடுத்த நற்பெயராகவோ அது இருக்கலாம்.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தால் இறங்கும்போது, நாமும் வீடு திரும்புகின்றவர்களே. அந்த இருவரில் யாராகத் திரும்புகின்றோம் என்பதை ஊர் அறியாவிட்டாலும், வாசலில் எங்களைப் பார்த்திருக்கும் வீட்டார் அறிவார்கள்.